ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, வந்த இடத்தில் குறை சொல்லக்கூடாது. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எதற்காகச் செய்தேன்? வேலைக்காகத்தான் ஐயா. வேறு எதற்காக ஒரு மனிதன் காலையில் குளித்துவிட்டுக் கிளம்புவான்?

நான் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வுபெற்றவன். ஆயுளில் பாதியை மீட்டர் படித்தே கழித்தவனுக்கு, மீதியையாவது புத்தகம் படித்துக் கழிக்கவேண்டும், அதுவும் அச்சாகும் முன்பே படித்துவிடவேண்டும் என்று ஓர் ஆசை. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை கேட்டுப் போய் நின்றேன். ஆளெடுக்கும் அதிகாரியின் மீசை, வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

"இன்டர்ன்ஷிப் பண்ணியிருக்கீங்களா தாத்தா?"

"பண்ணலாம்னுதான் வந்தேன். இருபத்தஞ்சு வயசுக்கு மேல சேர்க்க மாட்டோம்னு வாசல்லயே ஒட்டியிருக்கீங்களேப்பா."

"ஆமா, அது ரூல்."

"அப்ப நேரா வேலையக் குடு."

"இன்டர்ன்ஷிப் பண்ணாம எப்படித் தாத்தா? அதுவும் ரூல்."

"ரெண்டுக்கும் நடுவுல நான் எங்க போறது?"

"அடுத்த தடவ கொஞ்சம் லேட்டா பொறந்து வாங்க."

நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. திருத்தி முடித்த புரூஃப் தாள்கட்டுகளை அச்சகத்துக்குச் சுமந்துபோகும் வேலை காலியாக இருந்தது. அதற்கு மட்டும் யாரும் அனுபவம் கேட்கவில்லை. சேர்ந்துவிட்டேன்.

"புத்தக வேலைன்னு சொல்லிட்டுப் போய் மூட்டை தூக்குறீங்களே" என்றாள் மனைவி.

"மூட்டைக்குள்ள இருக்கறது புத்தகம்தானேடி" என்றேன்.

அங்கே பிழை திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். தங்கமான மனிதர். உடம்பும் கல்லு மாதிரி. அந்த நாற்காலி காலியாகும் என்பதற்கு ஓர் அறிகுறியும் தென்படவில்லை. அவர் ஒரு பிழையாவது விட்டால்தானே அடுத்தவனுக்கு வழி பிறக்கும்? யோசித்துப் பார்த்தால், பிழையே விடாத மனிதர் மற்றவர் வயிற்றில் அடிக்கிறார்.

அப்போதுதான் காளான் கையேடு வந்தது. காட்டில் காளான் பறிக்கிறவர்களுக்கானது. ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு: உண்ணக்கூடாத காளான்கள். அதற்குக் கீழே வெறும் படங்களும் பெயர்களும்தான். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்ட பக்கம். போகிற வழியில் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் தலைப்பை அடித்தேன். இரண்டே எழுத்துதான் மாறவேண்டும். 'கூடாத' என்பது 'கூடிய' ஆனால் போதும். ஆனால் அரைகுறையாகத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. தலைப்பு முழுவதையும் புதிதாக எழுதினேன்.

அச்சாகும் முன் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். முன்பே சொன்னால் அதற்குப் பெயர் திருத்தம். "தேங்க்ஸ் தாத்தா" என்று மறுபடி மூட்டையைத் தூக்கித் தலையில் வைப்பார்கள். அச்சாகி ஊரெல்லாம் போனால்தான் அது பிழை.

நல்லவேளை, நம் ஜனங்கள் புத்தகம் வாங்குவதில்லை. வாங்குகிறவர்களும் படிப்பதில்லை. படித்து, நம்பி, பறித்து, சமைத்தும் பார்த்தது ஒரே ஒரு குடும்பம்தான். தாய், தகப்பன், இரண்டு பெண்கள். வாசகர்கள் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

பூதக்கண்ணாடியை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். அனுபவசாலி ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரத் துணியவில்லை. பதிப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பெரியவரே, நீங்களாவது இருங்க" என்றார்.

"எனக்கு இன்டர்ன்ஷிப் இல்லையேம்மா."

"இப்ப அத யாரு கேட்டா?"

பாருங்கள், ரூல் என்பது அவ்வளவுதான்.

நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த மனிதர் உங்கள் எதிரில் உட்கார்ந்து சொன்னாராமே: "கூடாதங்கறத கூடியன்னு நான் கண்ணு அசந்து விட்டிருக்கலாம் சார். நாலு உசுரு போயிருக்கு, என்ன தண்டனை வேணா குடுங்க. ஆனா 'உண்ண'வுக்கும் 'கூடிய'வுக்கும் நடுவுல 'க்' போடாம மட்டும் நான் செத்தாலும் விடமாட்டேன்." புத்தகத்தைப் புரட்டியிருக்கிறீர்கள். 'உண்ண கூடிய காளான்கள்' என்றுதான் இருந்திருக்கிறது. அச்சகத்தின் பழைய காகிதக் குவியலைக் கிளறி அந்தத் தாளை எடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டீர்கள்.

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. தலைப்பை மாற்றியது நான். யாராவது சாவார்கள் என்று தெரிந்தே மாற்றினேன். நான்கு பேரும் என்னால்தான் போனார்கள். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த 'க்' விஷயத்தை மட்டும் இதில் எழுதாதீர்கள். நான் போட்டேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அச்சகத்துக்காரர்கள்தான் விட்டுவிட்டார்கள். தாளிலேயே இல்லையே என்று காட்டுகிறீர்கள். மை வெளிறியிருக்கும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் ஐயா, ஒற்றெழுத்தை விடுகிற பாவத்தைச் செய்வேனா?