துருக்கிக்காரர் புத்தகத்தில் தீவின் நிறத்தை மாற்றியவர் கூறியது

சிவகாசி பள்ளிவாசல் பின்தெருவில் குடியிருக்கும் நிஜாம் மகள் ஷாஹிதா, வயது 33, 2007 ஜூன் 11 அன்று காவல் நிலையத்தில் கூறியதாவது:

நான் ஊர்க்காவலன் என்பவரின் அச்சகத்தில் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலை செய்து வந்தேன். என் தம்பி அசாருதீன் அங்கேயே பைண்டிங் பிரிவில் இருந்தான். சென்ற தீபாவளி சீசனில் முதலாளி அவனை நாரணாபுரத்தில் உள்ள தனது பட்டாசுக் கம்பெனிக்குப் பெட்டி அடைக்க அனுப்பினார். மூன்றாம் நாள் அங்கு வெடித்ததில் தம்பி இறந்து போனான். முகம் தெரியவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த பைண்டிங் பசையைப் பார்த்து நான்தான் அடையாளம் காட்டினேன். அதன் பிறகு நடந்த விசாரணையில் முதலாளி, "அவன் என் ஆளே இல்ல. வேலைய விட்டு நின்னு ரெண்டு மாசமாச்சு. பீடியோட தானா உள்ள நுழைஞ்சிருக்கான்" என்று சொன்னார். தம்பிக்குப் பீடி வாடையே ஆகாது. வேறு பிழைப்பு இல்லாததால் நாற்பதாம் நாள் கழிந்ததும் அதே அச்சகத்திற்கு வேலைக்குப் போனேன்.

அதன் பிறகு பிப்ரவரியில் அச்சகத்திற்கு வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜெண்ட் சம்சு துபாய் வழியாக ஒரு ஆர்டர் கொண்டு வந்தார். துருக்கி நாட்டில் ராணுவத்திற்குக் கவச வண்டி செய்யும் கம்பெனியின் விளக்கப் புத்தகம் அது. வண்டி வாங்கும் ராணுவ அதிகாரிகளுக்குக் கண்காட்சியில் கொடுப்பதற்கானது. அதில் ஒரு வரைபடம் இருந்தது. சம்சு என்னிடம், "அக்கா, இந்தப் படத்துல கை வச்சிராதீக. இந்தத் தீவு யாருதுன்னுதான் அவுகளுக்கும் பக்கத்து நாட்டு கிரீஸ்காரவுகளுக்கும் சண்டை. அவன் எம்புட்டு வண்டி வாங்குதானோ அதுக்கு மேல வாங்கணும்னு இவுக நிக்காக" என்றார்.

மாதிரிப் பக்கங்களுக்குத் துருக்கியிலிருந்து சம்மதம் வந்தது. அதன் பிறகு, அச்சுக்குப் பிலிம் எடுப்பதற்கு முன்பு, மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் வரைபடத்தில் அந்தத் தீவுக்கு இருந்த துருக்கியின் சிவப்பு நிறத்தை எடுத்துவிட்டு கிரீஸ் நாட்டின் நீல நிறத்தை நான் வைத்தேன். தெரிந்தேதான் செய்தேன். அச்சாகி வந்த முதல் தாளைப் பார்த்து, நிறம் மாறியதைக் கவனிக்காமல் முதலாளியே கையெழுத்துப் போட்டார்.

கண்காட்சியில் புத்தகத்தைப் பிரித்த அதிகாரிகள் அதை மேஜையில் வீசிவிட்டு எழுந்து போனதாகச் சம்சு வந்து சொன்னார். லோடு முழுவதும் திரும்பி வந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் எல்லாம் நின்று போயின. சம்சுவின் பெயரும் கெட்டது. அது ஒன்றுக்குத்தான் வருந்துகிறேன்.

அதன் பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஒனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?" என்று கேட்டார். நான், "எங்க அசாரு ஒங்க ஆளே இல்லன்னீகள்ல. அந்தத் தீவும் அவுக தீவே இல்லன்னு போட்டேன்" என்றேன். நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று என் மீது புகார் கொடுக்க வந்த முதலாளி, நான் அவரிடம் வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாக அச்சகத்தின் வருகைப் பதிவேட்டைத் தாமாகவே அய்யாவிடம் ஒப்படைத்திருக்கிறார். என் பெயருக்கு மூன்று வரி கீழே அசாருதீன் பெயர் உள்ளது. வெடித்த தேதிக் கட்டத்தில் "நாரணாபுரம்" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். என்னை ரிமாண்டு செய்தாலும் சம்மதம். அந்தப் பதிவேட்டை அவரிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) நி. ஷாஹிதா

என்னால் பதிவு செய்யப்பட்டது,
அய்யாதுரை, சார்பு ஆய்வாளர்