மீன் போட்ட சட்டை

இல்ல ஆன்ட்டி, பேனர்ல கீற அந்த சட்ட கடைல வாங்குனது இல்ல. எம்.சி. ரோடு பூரா தேடுனீங்களா? எத்தினி கடை ஏறி எறங்குனீங்க, அய்யோ. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. எங்க சுத்துனாலும் கெடைக்காது ஆன்ட்டி. அந்த மாரி ஒலகத்துலயே ஒண்ணு ஒண்டிதான் கீது.

மொதல்ல குந்துங்க. அந்த ஸ்டூலு வேணாம், அது ஆடும். இந்த சேர்ல குந்துங்க. ஜேக்கப் அண்ணன் பேனர் கட்ட எண்ணூர் போய்க்கீறாரு, வர நேரமாவும். கடைல நா ஒண்டிதான். பேனர் அடிக்கிற மிஷின் சத்தம் பேஜாரா கீதா? இருங்க, நிறுத்திடறேன். ஆங், இப்ப பேசலாம்.

தெரியும் ஆன்ட்டி. ஞாயித்துக்கெழம உங்க சாலமோனுக்கு நாப்பத்தோராம் நாள் பூச. ஒடம்பு கெடைக்கலன்னாலும் கல்லற கட்டலாம்னு ஃபாதர் சொல்ட்டாரா? நல்லதுதான். போட்டுலேர்ந்து வல இழுக்க சொல்லோ வுழுந்தவன், கடலு திருப்பித் தரல. அதுக்கு நாம இன்னா பண்றது. பொட்டில அவன் துணிய வெப்பீங்க. சரி, அதுக்குத்தான் அந்த சட்ட. கல்லுல பதிக்க பேனர்ல கீற அதே போட்டோ, ஒரிஜினலு. காதுல வுழுந்துச்சு ஆன்ட்டி. நா டபாய்க்கல. யாரு எடுத்தது, எங்க நின்னு அப்டி சிரிச்சான், எல்லாம் சொல்றேன். ரவ பொறுமையா கேளுங்க. சட்ட கதைய சொன்னாதான் போட்டோ கதை புரியும்.

நா ஈசிஆர் பக்கம் டிசைன் காலேஜ்ல படிக்கிறேன்ல. போன வருசம் எங்க மேடம் ஒரு வேல குடுத்தாங்க. உன்ன நீயே ஒரு ஐகானா வரைன்னாங்க. ஐகான்னா, தோ உங்க போன்ல குட்டிக் குட்டியா படம் கீதுல, பச்ச கலர்ல ரிசீவர் படம் பாத்தா படிக்காதவங்களுக்குக் கூட பேசுறதுன்னு தெரிது பாருங்க, அது. அந்த மாரி நீ யாருன்னு ஒரே படத்துல வரை. அப்பால அத்த துணில ஏத்தி, தெச்சு, நீயே போட்டுகினு வந்து எல்லார் முன்னாடியும் நில்லு. அதான் பரிச்ச.

ஒரு பொண்ணு பூன வரைஞ்சுது. ஒருத்தன் மலை வரைஞ்சான். ஒருத்தன் காப்பி கப்பு. சிரிக்காதீங்க, நெசமாதான். நீ யாருன்னா காப்பியாம் அவன். எனக்கு இன்னா வரையறதுன்னே தெர்ல. அங்கல்லாம் நா வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க ஆன்ட்டி. அமான், இன்னொரு வாட்டி பேசு, சினிமாவாட்டம் கீதும்பாங்க. அத்தொட்டு மொத வருசம் பூரா ஊமையாட்டம் திரிஞ்சேன். லைட் ஹவுஸு வரைஞ்சு எடுத்துகினு போனா, இது காலண்டர்ல வர்ற படம்ப்பா, இதுல நீ எங்கன்னு கேட்டாங்க மேடம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

எங்க அத்தா டேங்கர் ஓட்றாரு, தெரியும்ல. லோடு ஏத்த எண்ணூர்ல லைன்ல நிக்க சொல்லோ நா சின்னதுல கூடப் போவேன். முன்னாடி டேங்கரு முதுகுல டைமண்டு கணக்கா கட்டம் போட்டு படம் இருக்கும். நெருப்பு, மண்டையோடு. அதுல ஒண்ணு, எல இல்லாத மரம், அது பக்கத்துல செத்த மீனு, வவுறு மேல பாத்துகினு. இது கடல்ல கொட்டுச்சுன்னா மீனு சாவும்னு அர்த்தம்டாம்பாரு அத்தா. அ ஆ தெரியறதுக்கு முன்னயே எனக்கு அந்தப் படம் தெரியும். அத்ததான் வரைஞ்சேன். ஆனா மீன நேரா திருப்பி வெச்சேன். கண்ணத் தொறந்து வுட்டேன். மரத்துல ஒரே ஒரு எல.

சாலமோன் வந்து பாத்துட்டு, இன்னாடா மீனு இது, செவுளே இல்ல, எப்டி மூச்சு வுடும்னான். என் கைலேர்ந்து மவுச வாங்கி அவனே ஒரு கோடு போட்டான், கோணலா. நா அத்த மாத்தவே இல்ல. அந்த சட்டைல எத்தினி மீன் கீதோ அத்தினிக்கும் செவுளு உங்க புள்ள போட்டதுதான்.

வெள்ளத் துணில கருப்பு டைமண்டு டைமண்டா அடிச்சு, நம்ம டெய்லராண்ட தெச்சு, போட்டுகினு போய் நின்னேன் ஆன்ட்டி. மேடம் கிட்ட வந்து காலரத் தொட்டுப் பாத்து, இதான் நீன்னாங்க. அன்னிக்குத் திரும்பி வர சொல்லோ பஸ்ஸுல கண்டக்டராண்ட நம்ம பாஷைலயே சத்தமா பேசினு வந்தேன். ராஜா மாரி இருந்துச்சு. நா யாருன்னு எனக்கே அன்னிக்கு ஒரு நாள்தான் தெரிஞ்சுது.

சாலமோனா? கேட்டான். ஒருவாட்டி போட்டுப் பாக்குறேண்டான்னான். நா குடுக்கல. சும்மா கேலிக்குத்தான், போடா கவுச்சி ஏறிடும்னு சொன்னேன். சிரிச்சுகினே போய்ட்டான். அந்த வார்த்தைய இப்ப நெனச்சா நாக்க அறுத்துக்கலாம் போல கீது. இருங்க ஆன்ட்டி, அப்பால எப்பனா போட்டிருப்பான்னு நீங்களா சொல்லாதீங்க. முழுசா கேளுங்க.

நம்ம கடைல கண்ணீர் அஞ்சலி எப்டி அடிப்போம், தெரியுமா? முக்காவாசி பேருக்கு நல்ல போட்டோ இருக்காது. ஆதார் கார்டு எடுத்துகினு வருவாங்க, இல்லன்னா எவன் கல்யாணத்துலயோ கும்பலா நின்ன போட்டோ. அதுலேர்ந்து தலைய ஒண்டி வெட்டி எடுத்துப்போம். ஒடம்பு கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கும். நீல கோட்டு, செவப்பு டை. அந்தக் கோட்டு மேல தலைய வெச்சு ஒட்டிடறது. யாரு ஒடம்போ, எந்த ஊரு ஆளோ. ஆர்பர்ல மூட்ட தூக்குனவரு, பெரம்பூர்ல ரயில் பெட்டிக்கு பெயிண்டு அடிச்சவரு, எல்லாரும் அந்தக் கோட்டுலதான் போனாங்க. ஆயுசுல ஒரு நாள் கோட்டு போட்டது இல்ல அவுங்க.

எனக்குக் கோவம் வந்துச்சு ஆன்ட்டி. பெரிய டிசைன் படிக்கிறேன்ல. நம்ம ஆளுங்க எதுக்கு எவன் கோட்டுலயோ போவணும், நம்ம சட்டைல போவட்டும்னு ஜேக்கப் அண்ணங்கிட்ட சண்ட போட்டேன். தோ, இந்த செவுத்துல சாஞ்சு, கையக் கட்டிகினு நின்னேன். அவர்தான் போட்டோ எடுத்தாரு. என் தலைய வெட்டிட்டு ஒடம்ப ஒண்டி சேவ் பண்ணி வெச்சோம். மீன் போட்ட சட்டையோட.

ஜனங்களுக்குப் புடிச்சிடுச்சு. கோட்டு வேணாம், அந்த மீன் சட்டையே போடு தம்பின்னு கேட்டு வாங்குனாங்க. வியாசர்பாடில ஒருத்தரு. அத்திப்பட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. திருவொத்தியூர்ல எண்ணிக்கையே தெர்ல. எனக்குப் பெருமதான், பொய் சொல்லக்கூடாது.

அப்பால ஒரு நாள் அந்த சட்டையப் போட்டுகினு மார்க்கெட்டு போனேன். கீர வாங்கினு இருந்த ஒரு அக்கா திரும்பிப் பாத்துச்சு. கிட்ட வந்து என் தோள்ல கைய வெச்சுது. அந்தக்காவோட வூட்டுக்காரருக்கு பத்து நாள் முன்ன நாந்தான் பேனர் அடிச்சேன். கைய எடுத்துட்டு கீரைய வாங்கிகினு போய்டுச்சு. வூட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுனவன்தான். திரும்பப் போடவே இல்ல.

கழட்டுனா போய்டுமா? தெருவுக்குத் தெரு நா தொங்கினு கீறேன் ஆன்ட்டி. காசிமேட்டுலேர்ந்து திருவொத்தியூர் போறதுக்குள்ள பதினோரு எடத்துல என் ஒடம்பு, என் கை, வேற வேற தல. அதுலயும் வெயில் பட்டுச்சுன்னா மொதல்ல மூஞ்சிதான் வெளுக்குது. சட்டைல கீற கருப்பு மை வெளுக்க மாட்டேங்குது. மூஞ்சி போய்டுது, நா ஒண்டி கையக் கட்டிகினு நிக்கிறேன். பஸ்ஸுல கண்ண மூடிகினு வரேன். சத்தியமா பயமா கீது.

எங்கம்மா ரஹீமுன்னிசாவ உங்களுக்குத் தெரியும்ல, அவங்களுக்கு இது ஒண்ணும் நா சொல்லல. எங்க வூட்டுல செத்தவங்களுக்கு போட்டோவே வெக்க மாட்டோம். பால் வாங்கப் போனவங்க கம்பத்துல கட்டிருந்த பேனரப் பாத்துட்டு அங்கயே குந்திட்டாங்களாம். தல யாருதோ. ஆனா கைய பாத்து கண்டுபுடிச்சிட்டாங்க. எம்புள்ளய எறக்குங்க, எம்புள்ளய எறக்குங்கன்னு கத்துனதுல தெருவே கூடிச்சு. அன்னிலேர்ந்து எங்கூட சரியா பேசுறதில்ல.

ஆமா ஆன்ட்டி. நீங்க நெனக்கிறது சரிதான்.

சாலமோன் அந்த சட்டைய ஒரு நாளும் போட்டது இல்ல. கழுத்துக்குக் கீழ நிக்கிறது நா. ஒரிஜினல் போட்டோன்னு ஒண்ணு கெடையாது. கம்பத்துலேர்ந்து பேனரக் கழட்டி வூட்டுல மாட்டி, தெனம் அந்தக் கைக்கு முத்தம் குடுக்கிறீங்கன்னு உங்க பொண்ணு பெனிஷா சொல்லிச்சு. எனக்கு சோறு எறங்கல. தோ பாருங்க, கட்ட வெரலாண்ட வெட்டு. ஃபிளெக்ஸ் அறுக்க சொல்லோ பிளேடு பட்டது. பேனர்லயும் தெரியும், நீங்க உத்துப் பாத்திருக்க மாட்டீங்க. எங்கம்மா கண்டுபுடிச்ச மாரி நீங்களும் கண்டுபுடிச்சிடுவீங்கன்னு கட்டுன நாள்லேர்ந்து பயந்துகினே இருந்தேன். நீங்க கண்டுபுடிக்கல. அழுத கண்ணுக்கு இன்னா தெரியும். அது உங்க தப்பு இல்ல ஆன்ட்டி.

அடிக்கணும்னா அடிச்சிடுங்க. திட்டுங்க. ஏன் ஆன்ட்டி கைய புடிக்கிறீங்க? வேணாம். கலீஜா கீது, மை ஒட்டிக்கும். சரி. புடிச்சிக்கங்க.

சட்ட என் பைலதான் கீது. தெனம் எடுத்துகினு வரேன், உங்க வூட்டு வரைக்கும் வந்து வந்து திரும்பிடுவேன். பொட்டில வெக்கணும்னா வெய்ங்க. அவன் போட்ட செவுளு கோடு இருக்குல, அந்த வகைல அவனுதும்தான்.

தல அவனுதா? அவனுதுதான் ஆன்ட்டி. சிரிப்பும் அவனுதுதான், அதுல உட்டாலக்கடி ஒண்ணும் இல்ல. எங்க சிரிச்சான்னு கேட்டுகினே கீறீங்க. தோ, ஆடுதுன்னு சொன்னேன்ல, அந்த ஸ்டூல்ல குந்தி சிரிச்சான். கைய வுட்டுடாதீங்க, நா இன்னும் முடிக்கல.

ஒடம்ப வெட்டி வெச்சாச்சு. மொத மொதல்ல எந்தத் தலைய வெச்சுப் பாக்குறதுன்னு தெர்ல. உசுரோட கீறவன் தலைய எவனாவது வெப்பானா? அவன்தான் பக்கத்துல குந்திகினு, என் தலைய வைடா மச்சான், அப்டியாவது உன் சட்டைய போட்டுக்கிறேன்னான். அவன் ஆதார் மூஞ்சிய வெச்சேன். மேல கண்ணீர் அஞ்சலி. கீழ இப்படிக்கு தாய் தேவப்பிரியம், தங்கை பெனிஷான்னு அவன் சொல்லச் சொல்ல நா அடிச்சேன். மறைவு தேதி இன்னாடா போடட்டும்னேன். ரெண்டாயிரத்தி தொண்ணூறு போடு, பேரன் பேத்தியெல்லாம் பாத்துட்டுப் போறேன்னான். போட்டேன். ஸ்கிரீனப் பாத்துட்டு, ஒருவழியா போட்டுட்டேன் பாத்தியாடா, கவுச்சி அடிக்குதான்னு கேட்டு சிரிச்சான். ஸ்டூலோட சேந்து ஆடுனான். அந்த சிரிப்ப டக்குனு போன்ல புடிச்சேன். ஆதார் மூஞ்சிய எடுத்துட்டு அத்த வெச்சு, சேவ் பண்ணிட்டேன். பொறந்தநாளுக்கு அனுப்பி கலாய்க்கலாம்னு.

மூணு மாசம் கழிச்சு பெனிஷா தோ அங்க வந்து நின்னுச்சு. அண்ணனுக்கு பேனர் அடிக்கணும்னுச்சு. நா அழுதுகினே ஃபைலத் தொறந்தேன். பேரு கீது, சிரிப்பு கீது, உங்க பேரு கூட கீது. நா புதுசா ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. தேதிய ஒண்டிதான் மாத்துனேன்.