சார் பாத்து எடுத்த கலரு

இல்ல சார், எந்திரிக்க மாட்டேன். மாடியில இருந்து எறங்கி வந்திருக்கீங்க, அந்த மரியாதைக்கு வேணா காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்கறேன், நீங்களும் இந்த ஓரத்துல உக்காருங்க. உங்க கடை சோபாதானே. கண்ணாடிக் கதவைத் தொறந்ததும் மொதல்ல தெரியற எடத்துல போட்டு வச்சிருக்கீங்க. அதனாலதான் நானும் இதையே புடிச்சேன். உள்ள கட்டில் வரிசையில போய் உக்காந்தா என்னை யாரு கேக்கப் போறா?

ஜூஸ் வேணாம். அந்த டம்ளரைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. முந்தாநேத்தும் இப்படி ஒரு டம்ளர்லதான் ஆரம்பிச்சது.

இங்க இருக்கறவங்க என்னைப் பத்தி என்ன சொல்லி உங்களைக் கூட்டிட்டு வந்தாங்களோ. பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க. சொல்லட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எங்க வீட்டுல இருந்து நேத்து தூக்கிட்டு வந்தீங்களே, பழைய சோபா, காப்பிக்கொட்டை கலர் ரெக்சின், இடது கைப்பிடி கிழிஞ்சது, அது சாயங்காலத்துக்குள்ள எங்க ஹாலுக்குத் திரும்பி வரணும். உங்க புது சோபாவை நீங்க எடுத்துக்கணும். அவ்வளவுதான். இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்குன்னு எனக்கும் தெரியல.

தெரியும் சார், பழசைக் குடுத்தா திருப்பிக் குடுக்க மாட்டீங்க. இங்க மூணு பேரு இதையே மாத்தி மாத்திச் சொல்லிட்டாங்க. ஆனா அது இன்னும் எங்கயும் போகல. உங்க பின்பக்க ஷெட்டுல, வேற யாரு வீட்டுக் கட்டிலு மேலயோ, செங்குத்தா நிறுத்தி வச்சிருக்காங்க. காலைல பாத்ரூம் எங்கன்னு கேட்டுட்டு அந்தப் பக்கமா போய்ப் பாத்துட்டேன். சாயங்காலம் லாரி வரும், ஒடைச்சு மரத்தைத் தனியா பஞ்சைத் தனியா எடுத்துருவாங்கன்னு அங்க பீடி குடிச்சிட்டு இருந்தவரு சொன்னாரு. அதனாலதான் நான் உக்காந்துட்டேன். இல்லன்னா எனக்கென்ன, ஒரு நாள் லீவு போட்டுட்டு உங்க ஏசியில காத்து வாங்கணும்னு வேண்டுதலா?

கிளினிக்ல சார். டோக்கன் குடுக்கற வேலை. நூறு பேரு ஒரே நேரத்துல எனக்கு மொதல்ல எனக்கு மொதல்லன்னு கத்துவாங்க. நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். அதனால செக்யூரிட்டியைக் கூப்புடறதுன்னா கூப்புடுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது. பாவம், அவருதான் ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவையும் தலையைச் சொறிஞ்சிட்டுப் போயிட்டாரு.

வாங்கம்மா, வாங்க. சோபா பாக்க வந்தீங்களா? நல்லா உக்காந்து பாருங்க. மெத்து மெத்துனு இருக்கும். என்ன, உக்காந்தா எந்திரிக்க விட மாட்டாங்க, அவ்வளவுதான்.

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் சார், அவங்களா சிரிச்சிட்டுப் போறாங்க. என்னைச் சீக்கிரம் அனுப்பி வச்சீங்கன்னா உங்க வியாபாரமும் பொழைக்கும்.

நடந்தது இதுதான். ஞாயித்துக்கெழமை நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு தலகாணி வாங்க வந்தோம். வெறும் தலகாணி. அவரு என் கையைப் புடிச்சுக்கிட்டுதான் வந்தாரு. கழுத்துல டை கட்டுன உங்க டைக்காரரு, அதாங்க, அந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னு ஃபோன் பேசற மாதிரி நடிக்கிறாரே, அவரேதான், ஓடி வந்து, இந்த வயசுலயும் என்னா ஒரு ஜோடின்னு ஆரம்பிச்சாரு. அப்பவே எனக்குத் தெரியும், இவரு நம்ம தலையில எதையோ கட்டப் போறாருன்னு. ஜூஸ் வந்துச்சு. உக்கார வச்சாரு. சார் என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டாரு. பெயிண்ட் கம்பெனின்னு இவரு சொன்னாரு. கலர் கலக்குற எடத்துல இருந்தாரு சார் ரிட்டயர் ஆகுற வரைக்கும். யாரோ வீட்டுச் சுவத்துல இருந்து காரையைப் பேத்துக் கொண்டு வந்து, இதே கலர் வேணும்பாங்க. இவரு வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, கையில தோணுன அளவுக்குக் கலப்பாரு. காஞ்சதும் பாத்தா எது பழசு எது புதுசுன்னு சொல்ல முடியாது. நான் ஒரு பொடவை எடுத்துட்டு வந்தா, பச்சைல ஒரு சொட்டு மஞ்ச கூடிப் போச்சுன்னு சொல்ற மனுஷன். அதைக் கேட்டதும் உங்க டைக்காரருக்கு வாயெல்லாம் பல்லு. அப்ப கலர் பத்தி சாருக்குத்தான் தெரியும், மேடம் நீங்க தலகாணி பில்லு போட்டுட்டு வாங்கன்னு என்னை நைசா அந்தக் கோடிக்கு அனுப்பிட்டாரு.

அங்க கூட்டம். நான் திரும்பி வர்றதுக்குள்ள இவரு சரின்னு சொல்லி, அட்ரஸும் குடுத்து, எல்லாம் முடிஞ்சு போச்சு. இன்னைக்கோட ஆஃபர் முடியுதுன்னாராம். கடைசி ஒரு செட்டுதான், இன்னொரு பார்ட்டி வந்துக்கிட்டே இருக்குன்னாராம். அந்தப் பார்ட்டி இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கும்னு நெனக்கிறேன், இன்னைக்குக் காலைலயும் ஒருத்தருகிட்ட அதே பார்ட்டியைத்தான் சொன்னாரு. அதெல்லாம் எங்க வீட்டுக்காரருகிட்ட எடுபடாது சார். வியாபாரிங்களோடயே இருந்தவரு. அவரு எதுல விழுந்தாரு தெரியுமா? வீட்டுல முடிவெடுக்கறது நீங்கதானே சார், இல்ல எல்லாத்துக்கும் மேடத்தைத்தான் கேக்கணுமான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்காரு. அந்த எடத்துலதான் விழுந்தாரு. அதை நெனச்சாதான் எனக்கு வயிறு எரியுது. ஒரு ஆளோட வலிக்கிற எடம் எதுன்னு தெரியாமயே கரெக்டா அங்க கையை வைக்கிறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும்.

நான் வந்து வேண்டாம்னேன். வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு சொன்னேன். சரி மேடம், நிதானமா யோசிங்கன்னு பல்லைக் காமிச்சாரு. மறுநாள், நான் வேலைக்குப் போற நேரமாப் பாத்து, கால்ல சுடுதண்ணி ஊத்திக்கிட்ட மாதிரி லாரியோட வீட்டுல வந்து நிக்கிறாரு. வீட்டுல அவரு மட்டும்தான். புதுசு உள்ள, பழசு வெளிய. நான் சாயங்காலம் கதவைத் தொறந்தா ஹால்ல பாதியை அடைச்சுக்கிட்டு ஒரு எல்லு. இங்கிலீஷ் எல்லு மாதிரி மடங்குன சோபா. இந்தப் பக்கம் போனா முட்டி இடிக்குது, அந்தப் பக்கம் போனா இடுப்பு இடிக்குது. ரெண்டு பேரு இருக்கற வீடு சார் எங்களுது. அதுல எட்டுப் பேரு உக்காருற சோபா எதுக்கு?

கலரா? கலர் மாத்தித் தர்றீங்களா?

ஆரஞ்சு. நல்லா கண்ணு கூசுற ஆரஞ்சு. கீழ் வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு, என்ன, ஸ்கூல் பஸ்ஸை வீட்டுக்குள்ள விட்டுட்டீங்களான்னு கேட்டுச்சு. அது பேச்சே அப்படித்தான். கலர் மாத்த வேணாம் சார். டீபாய் ஃப்ரீயா வேணாம். குஷன் நாலு ஃப்ரீயா வேணாம். அதெல்லாம் குடுக்கக் குடுக்க எடம்தான் இன்னும் அடையும்.

அந்தப் பழசுல அப்படி என்ன இருக்குன்னு கேக்கறீங்க. உங்க ஆளுங்களும் கேட்டாங்க. உள்ள தங்கம் கிங்கம் ஒளிச்சு வச்சிருக்கீங்களாம்மான்னு ஒருத்தரு சிரிக்கிறாரு. ஒண்ணும் இல்ல. நடுவுல பள்ளம், ஸ்பிரிங் குத்தும். கைப்பிடி கிழிசலைத் தைக்கக் கூடாதான்னு எங்க பொண்ணுகூட வந்தப்பல்லாம் திட்டும். தைக்கத் தெரியாமயா சார் விட்டு வச்சிருக்கேன்? வீட்டுல தையல் மெஷினே இருக்கு. கிழிசல் கிழிசலாத்தான் இருக்கணும்னு விட்டு வச்சிருக்கேன். ஏன்னு கேக்காதீங்க. என் வீடு, என் சோபா, என் கிழிசல்.

காரணம் சொல்லாம எப்படின்னா, வாங்கறதுக்கு எந்தக் காரணமும் கேக்காமத்தானே கொண்டாந்து எறக்குனீங்க. திருப்பிக் குடுக்கறதுக்கு மட்டும் காரணம் வேணுமா?

யாருக்கு அடிக்கிறீங்க? ஃபோனை வைங்க சார். அவருக்கு அடிக்காதீங்க. வைங்கன்னு சொல்றேன்ல.

கோவமெல்லாம் இல்ல. அவரைக் கேக்க வேணாம். கேட்டா, சோபா பிரமாதமா இருக்குன்னுதான் சொல்லுவாரு. உங்களுக்கு அதுதானே வேணும். நான் கிளினிக் போறதாச் சொல்லிட்டு வந்திருக்கேன். இங்க வந்து உக்காந்திருக்கறது அவருக்குத் தெரியக் கூடாது.

என்னப்பா, நீயும் வந்துட்டியா, தூணு தனியா நிக்குமா? சொல்லு, நீயே உங்க சாருகிட்ட சொல்லு. ஆமா. சாம்பிள் துணி புக்கைக் குடுத்தே. ஒவ்வொரு துணியாப் பொறுமையாத் தடவித் தடவிப் பாத்தாரு. எவ்வளவு ரசனைன்னு நெனச்சே. இதுதான்னு விரலை வச்சாரு. நல்லா யோசிச்சுத்தான் எடுத்தாரு. மேடம்தான் சும்மா தகராறு பண்றாங்க, கலர்ல ஊறுன மனுஷன், சார் பாத்து எடுத்த கலருங்கறே. சொல்லிட்டியா? முடிஞ்சுதா?

அவருக்குக் கண்ணு தெரியாது.

போன மழைக்காலத்துல இருந்து சுத்தமாத் தெரியாது. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாப் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. நரம்பு செத்துப் போச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. பொண்ணுக்குக்கூடத் தெரியாது. அது வீடியோவுல கூப்புட்டா, கொரல் வர்ற பக்கம் பாத்து சிரிச்சு, என்னா சட்டை போட்டிருக்கேன்னு அதுகிட்டயே கேட்டு, நல்லா இருக்கும்மான்னு சொல்லுவாரு. நீ ஜோடின்னு சொன்னியே, அது நான் அவரை நடத்திக் கூட்டிட்டு வந்தது. தடவித் தடவிப் பாத்தாருன்னியே, வழுவழுன்னு இருந்ததுல விரலை வச்சாரு. எல்லாத்துக்கும் மேடத்தைத்தான் கேக்கணுமான்னு கேட்டியே, ஆமாப்பா, இப்ப எல்லாத்துக்கும் என்னைத்தான் கேக்கணும். அது அவருக்குத் தெரியாதா? நீ வேற சொல்லணுமா?

நேத்து சாயங்காலம் நான் உள்ள வந்ததும் சோபா எப்படி இருக்குன்னாரு. நல்லா இருக்குன்னேன். கலரு? கலரும் நல்லாத்தான் இருக்குன்னேன். என்ன கலருன்னு நான் பேரைச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தாரு. ஆரஞ்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவரும் அதுக்கு மேல கேக்கல.

அந்தப் பழைய சோபாதான் சார் அவருக்கு வழி. ரூமை விட்டு வந்தா அதோட முதுகைப் புடிச்சுக்கிட்டே வருவாரு. விரல்ல அந்தக் கிழிசல் மாட்டுச்சுன்னா வலது பக்கம் திரும்பணும், பாத்ரூம். கிழிசலைத் தாண்டி நேரா வந்தா சமையக்கட்டு. வீடு முழுக்க தனியா நடந்தாரு. நான் வேலைக்குப் போற நேரத்துல தானே டீ போட்டுக் குடிப்பாரு. வந்து பாக்கறவங்க ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. இன்னைக்குக் காலைல எந்திரிச்சு வந்தவரு உங்க எல்லு மூலையில முட்டி, நெத்தி கிழிஞ்சு போச்சு. தூக்கக் கலக்கம்னாரு. தொடைச்சு விட்டேன். அப்பறம் கட்டில்ல போய் உக்காந்துட்டாரு. நான் வர்ற வரைக்கும் கீழ எறங்க மாட்டாரு. டீ வேணாமாம், பசிக்கலையாம்.

மன்னிப்பெல்லாம் வேணாம் சார், எந்திரிங்க. நீயும் அழுது தொலைக்காத. உனக்கு வேலை இருக்கு. ஷெட்டுல இருந்து சோபாவை எறக்கச் சொல்லு. கைப்பிடியைத் தைக்கிறேன், தொடைக்கிறேன்னு எவனும் கை வைக்கக் கூடாது. நீயே வண்டியில கூட வா. இருந்த எடத்துலயே போடணும், நான் காமிக்கறேன். அவருகிட்ட, புது சோபாவுல உள்ள ஏதோ பழுது சார், கம்பெனிக்காரங்களே திருப்பி எடுத்துக்கறாங்கன்னு சொல்லு. உனக்குத்தான் நல்லாப் பேசத் தெரியுமே. இங்க பேசுன அளவுக்கு அங்கயும் பேசு. தெரிஞ்சதைக் காட்டிக்கக் கூடாது. கையைப் புடிக்கறேன், நாற்காலியை இழுத்துப் போடறேன்னு கெளம்பிடாத.

கெளம்பறப்ப, நல்ல கலரா எடுத்திருந்தீங்க சார், நல்ல கரு நீலம், அதைத் திருப்பி எடுத்துட்டுப் போறதுதான் எனக்கு மனசு கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. கரு நீலம். மாத்திச் சொல்லிடாத. அவரு கேக்க மாட்டாரு, ஆனா அதுக்காகத்தான் நேத்துல இருந்து காத்துக்கிட்டிருக்காரு.

போப்பா, லாரி வந்துரும். வண்டி வாசலுக்கு வந்ததும் சொல்லு, அப்பறம் எந்திரிக்கறேன்.