ஒருவர் மட்டும் என்று எழுதியவள் நான்

மதிப்பிற்குரிய மருத்துவமனைத் தலைவர் அவர்களே, பிரசவ அறையிலிருந்து ஓடி வந்து இன்னும் ஈரக் கையோடு அமர்ந்திருக்கும் மகப்பேறு மருத்துவர் அவர்களே, எந்தக் கூட்டத்திலும் கடைசி நாற்காலியையே தேடிப் பிடிக்கும் மேட்ரன் அவர்களே, நிர்வாகக் குழுவின் மற்ற இருவரே, பெற்ற தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே, கதவுக்கு வெளியே நடந்து நடந்து செருப்பைத் தேய்த்த தகப்பன்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நேரத்தை மதிக்கிறவள் நான். ஆனால் இன்று நிதானமாக நிற்க முடியவில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மருமகள். இன்னும் மூன்று வாரத்தில் இதே மருத்துவமனையில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். அவள் உள்ளே போகும்போது கணவனை அழைத்துப் போவதா, டூலாவை அழைத்துப் போவதா? ஒருவர்தான் போகலாம், அதுவும் சொந்தக்காரர்தான் என்கிறது விதி. இருவரும் வேண்டும் என்கிறாள் அவள். அதைக் கேட்கத்தான் இந்த வயதில் படியேறி வந்திருக்கிறேன்.

அந்த விதியை எழுதியவர் யார்? தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆமாம் ஐயா, நான்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் குழுவில் இருந்தபோது எழுதினேன். "பிரசவ அறைக்குள் தாயுடன் ஒருவர் மட்டும். அவர் இரத்த உறவோ மண உறவோ உடையவராக இருத்தல் வேண்டும்." காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எல்லாம் என்னுடையவை. ஏன் எழுதினேன்? அந்த நாளில் ஒரு பிரசவத்துக்குப் பதினோரு பேர் உள்ளே நின்றார்கள். டாக்டர்கூட "கொஞ்சம் வழி விடுங்க, நானும் பாக்கணும்" என்று கெஞ்சினார். நான் கான்வென்டில் படித்தவள். எங்களுக்கு எழுத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் பதினோரு பேரை ஒருவர் ஆக்கினேன், பெருமைப்பட்டேன். அந்த விதியை எழுதி மாட்டிய பலகையை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பெருமைப்பட்டேன்.

சரி, டூலா என்றால் யார்? பின்னால் ஒரு தம்பி, "மருத்துவச்சியா?" என்கிறார். இல்லை. நர்ஸா? இல்லை. ஊசி போடமாட்டாள், மருந்து தரமாட்டாள், கருவியைத் தொடமாட்டாள், குழந்தையை வாங்கமாட்டாள், இதைச் செய் அதைச் செய்யாதே என்று முடிவும் சொல்லமாட்டாள். "அப்படின்னா அவளுக்கு என்னதான் வேலை?" நல்ல கேள்வி! நானும் அதையேதான் கேட்டேன், உங்களைவிடக் கடுமையாகக் கேட்டேன்.

மருமகளுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதம். பெரிய ரப்பர் பந்து ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிரசவத்தில் துணை நிற்க மருமகள் ஏற்பாடு செய்திருந்த டூலா அவள். மருமகள் அவளை "அக்கா" என்றாள். நான் மனத்துக்குள் "பந்துக்காரி" என்று பெயர் வைத்துவிட்டேன். மனத்துக்குள் மட்டுமா? மகனிடம் வாய்விட்டும் சொன்னேன். "உன் பொண்டாட்டி பிள்ளை பெறப்போறாளா, சர்க்கஸ்ல சேரப்போறாளா?"

தேநீர் கொண்டுவைத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். பந்துக்காரி நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியாப் பேசலாமா?" என்றாள். என் வீட்டில்! என் கூடத்தில்! என் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு! வெளியே போனேன். கதவை முழுதாகச் சாத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள், நீங்களும் சாத்தியிருக்கமாட்டீர்கள்.

அவள் வந்த நாளெல்லாம் என்ன நடந்தது? வலி எப்படித் தொடங்கும், எப்போது கிளம்ப வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பேசினார்கள். என் மகனை உட்கார வைத்து, இடுப்பில் எந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டினாள். ஒரு ஆணி அடிக்கத் தெரியாத பிள்ளை, இரண்டு மாதம் தலையணையை அழுத்திப் பழகினான்.

பிரசவ நாள் வந்தது. காலை பத்து மணி. பிரசவ அறை வாசலில் நால்வர் நின்றோம்: மருமகள், மகன், பந்துக்காரி, நான். நர்ஸ் பலகையைக் காட்டினாள். "ஒருத்தர்தான். சொந்தக்காரங்க மட்டும்."

"நான் போறேன்மா" என்றான் மகன்.

"நீ ஊசியைப் பார்த்தாலே மயங்குவே. உன்னைத் தூக்க ரெண்டு பேர் வேணும். தள்ளு."

தள்ளினான். நான் எழுதிய விதி, நான் வளர்த்த பிள்ளை. இரண்டும் எனக்கு வழிவிட்டன. நான் உள்ளே போனேன்.

தாய்மார்களே, அடுத்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் என்ன செய்தேன்? நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு வலிக்கும் மணி எழுதினேன். எழுதியதை வாசித்தேன். "முன்னாடி அஞ்சு நிமிஷம், இப்போ ஏழு நிமிஷம். பின்னால போயிட்டிருக்கே." தேர்வுத்தாளைத் திருத்துவதுபோல் ஒரு பெண்ணின் வலியைத் திருத்திக்கொண்டிருந்தேன்! அவள் முனகினாள், "பல்லைக் கடிச்சுக்கோ, வெளியில எல்லாரும் இருக்காங்க" என்றேன். அவள் புரண்டாள், நான் விரிப்பைச் சரிசெய்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? ஒவ்வொரு வலிக்கும், ஒவ்வொரு வலிக்கும், "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்றாள். உயிரைப் பிளந்து உயிரைத் தருகிறவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! எதற்காக? வலித்ததற்காக!

வலி தளர்ந்தது. டாக்டர் வந்து பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம். இப்படியே நின்னுட்டா ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும்" என்றார். நான் எழுந்து வெளியே வந்தேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

நடைபாதையில் பந்துக்காரி இருந்தாள். "இன்னும் போகலையா நீ?" என்றேன்.

"அவங்க உள்ள இருக்காங்களேம்மா" என்றாள். பிறகு, "நீங்க எதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள்.

என் கணவர் போன பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "உள்ளே விட்டா நீ என்ன செய்வே?" என்றேன்.

"பெருசா ஒண்ணுமில்லம்மா. பக்கத்துல இருப்பேன்."

"நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

அவள் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஜெயித்தும் இருப்பேன்.

நான் மேட்ரனிடம் நடந்தேன். "எனக்குப் பதிலா இவங்க உள்ள போகட்டும்."

"சொந்தமாம்மா? பதிவேட்டுல உறவு எழுதணுமே" என்றார் மேட்ரன்.

"என் மகள்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு ஒரே பிள்ளை, அது ஆண்பிள்ளை என்பது மேட்ரனுக்கு நன்றாகத் தெரியும். அவன் பிறந்தபோது அவர் இங்கே பயிற்சி நர்ஸ். அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். "மகள்" என்று எழுதினார். தலைவர் அவர்களே, இந்தக் குற்றத்தில் மேட்ரனுக்குப் பங்கில்லை. தண்டனை எனக்கே தாருங்கள்.

கதவு சாத்தப்பட்டது. முதலில் அமைதி. பிறகு ஒரு சத்தம். வலியின் சத்தம்தான், ஆனால் தொண்டையை அடைத்துக்கொண்ட சத்தம் அல்ல, திறந்துவிட்ட சத்தம். பிறகு சிரிப்பு! பிரசவ அறைக்குள் சிரிப்பு! என்னோடு இருந்த நான்கு மணி நேரத்தில் ஒரு முறையாவது சிரித்தாளா?

உள்ளே நடந்ததைப் பின்னால் மருமகள் சொன்னாள். விளக்கைக் குறைத்தாள் அக்கா. கட்டிலிலிருந்து இறக்கிப் பந்தின்மேல் உட்கார வைத்தாள். இடுப்பை அழுத்தினாள், தண்ணீர் கொடுத்தாள், "கத்தணும்னா கத்துங்க, இது உங்க அறை" என்றாள். டாக்டர் ஒன்றைச் சொன்னபோது மருமகளுக்காக இவள் பதில் சொல்லவில்லை, அவள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எதாவது கேக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். நாலரை மணிக்கு என் பேத்தி பிறந்தாள்.

டூலா வந்ததால் ஆபரேஷன் தப்பியது என்று நான் சொல்லமாட்டேன். நான் மருத்துவர் அல்ல, தெரியாததைச் சொல்வதில்லை. ஆபரேஷன் தேவைப்பட்டால் அதற்கும் பக்கத்தில் இருந்திருப்பாள். நான் சொல்வது ஒன்றுதான்: அதற்குப் பிறகு என் மருமகள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிள்ளை பிறந்ததோடு அவள் வேலை முடிந்ததா? வீட்டுக்கு வந்தாள். பால் குடிக்காமல் குழந்தை அழ, தாயும் அழ, நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தாள். குழந்தையைத் தூக்கி அணைக்கும் விதத்தைக் காட்டினாள். "அம்மா, நீங்க கடிகாரத்தை விட்டுட்டு அவங்களை ரெண்டு மணி நேரம் தூங்க விடுங்க" என்றாள். எனக்கே வேலை கொடுத்தாள்!

ஆறு மாதம் கழித்து மருமகள் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. ஏழாம் மாசமே அக்காகிட்ட சொல்லியிருந்தேன், நீங்க உள்ள வர வேண்டாம்னு. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல." எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே! நடைபாதையில் அந்தப் பெண்ணிடம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றபோது, அவளுக்கு அது தெரியும். ஒரு சொல்லால் என்னைக் கீழே தள்ளியிருக்கலாம். அவள் கேட்டது, சாப்பிட்டீங்களா என்று.

ஆனால் என் பொய்யால் ஒரு குறை தீரவில்லை. ஒருவர் மட்டும் என்பது அப்படியேதான் நின்றது. அழுத்தக் கற்ற என் மகனின் கை அன்று வெளியே சும்மா இருந்தது. தன் மகளின் முதல் அழுகையை அவன் கதவு வழியாகக் கேட்டான். தகப்பன்மார்களே, அதன் கனம் உங்களுக்குத் தெரியாதா?

டாக்டர் கை தூக்குகிறார். சொல்லுங்கள் டாக்டர். "மறுபடியும் கூட்டம் சேந்துடுமே" என்கிறார். நியாயம். ஆனால் எது கூட்டம்? எண்ணிக்கையா கூட்டம்? வேலையில்லாமல் நிற்பவர்தானே கூட்டம்! அன்று அந்த அறையில் நான் ஒருத்தியே கூட்டமாக இருந்தேன்.

தலைவர் மெதுவாக, "அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்" என்கிறார். அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதம் ஐயா. என் மருமகளுக்கு மூன்று வாரம். வயிற்றில் இருக்கிற பிள்ளையிடம் தேதி மாற்றச் சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

புதிய வாக்கியம் எழுதி வந்திருக்கிறேன். "தாய் விரும்பும் துணைவர் ஒருவரும், பயிற்சி பெற்ற டூலா ஒருவரும் தாயுடன் இருக்கலாம். யார் என்பதைத் தாயே சொல்வார்." அவ்வளவுதான். குழுவில் ஐந்து பேர் இருக்கிறீர்கள். மூன்று கை போதும். எனக்கு முழங்கால் வலி, உட்கார வேண்டும். கைகளைப் பார்க்காமல் உட்காரமாட்டேன்.

டாக்டர், ஒன்று. நன்றி. மேட்ரன், இரண்டு கையையும் தூக்க வேண்டாம், ஒன்றுதான் கணக்கு. தலைவர் அவர்களே... காத்திருக்கிறேன். இன்னும் காத்திருக்கிறேன். மூன்று! மற்ற இருவரும் தூக்கிவிட்டார்கள், மகிழ்ச்சி. கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது.

மருமகளே, உன் கணவனைக் கூட்டிக்கொண்டு போ, உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. நான் வரவில்லை. மூத்தவளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். பிறந்ததும் சொல்லுங்கள். உடனே சொல்ல வேண்டும் என்றில்லை. உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ, அப்போது சொல்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்டவர்களுக்கும், அதிகமாக எடுத்துக்கொண்ட நிமிடங்களுக்காகத் தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.