டயலில் தொங்கிய பூட்டு

இரவு பத்தரை மணி. விழிஞ்ஞத்துக்குப் போகும் சாலை. திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து வந்த கடைசி பஸ் ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் தென்னை. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை... அது மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

இறங்கியவர் நம் நேசையனுடைய சித்தப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஞாயிறு தவறாமல் வேதக்கோவிலுக்குப் போகிறவர். போன கரண்ட் வரும்வரை அவர் கதையைச் சொல்கிறேன். யாராவது எழுந்து அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம், மழைக்காலம். சித்தப்பாவின் பெயர் சத்தியதாஸ். கம்பெனி கம்பெனியாகப் போய் டெலிபோன் பில்களைச் சரிபார்த்துச் செலவைக் குறைத்துக் கொடுப்பது அவர் தொழில். யாரும் தொடாத லைனுக்கு வாடகை போகிறதா, மீட்டர் தப்பாக ஓடியிருக்கிறதா, ஆபீஸ் போனில் யாராவது ஊர்க்கதை பேசுகிறார்களா... எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

அன்று அவர் நடந்துபோனது கோமதிநாயகம் என்பவருடைய இறால் கம்பெனிக்கு. முந்தின வருஷம் அங்கே ஒரு யோசனை சொன்னவரும் அவர்தான். டெலிபோன் டயலின் துளையில் சின்னப் பூட்டு ஒன்றை மாட்டிவிட வேண்டும். சாவி மானேஜரிடம். வருகிற போனை யாரும் எடுக்கலாம். ஆனால் சாவி இல்லாமல் டயலைச் சுழற்ற முடியாது. பில் பாதியாக இறங்கியது. முதலாளி மகிழ்ந்துபோய் ஒரு கூடை இறால் அனுப்பிவைத்தார்.

இந்த வருஷப் பில்லில்தான் பிசகு. மானேஜர் சாவி போட்டுப் பேசியதைவிட மீட்டர் அதிகம் காட்டியது. ராத்திரிக்கு ஒரு அழைப்பு என்று வைத்தால் கணக்குச் சரியாக வந்தது. சத்தியதாஸ் அதை அப்படியே முதலாளியிடம் சொன்னார். சொல்லும்போது அது அவருக்கு வெறும் எண். அதற்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்பது, முதலாளி வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"ராத்திரி அங்க வாட்ச்மேன் மைதீன் ஒருத்தன்தானவே இருக்கான்? பூட்டுப் போட்டாலும் ரிசீவர் வைக்கிற கட்டையத் தட்டித் தட்டிப் பேசிரலாமாமே! ஆபீஸ் ரூம் சாவி இதுவரைக்கும் அவன் கையிலதான் இருந்துது, வாங்கிட்டேன், இந்தாரும். ரெண்டு ராத்திரி நீரே இருந்து பாரும். அந்தத் திருட்டு நின்னா சரி. நிக்கலன்னா அவன் வேலையும் நின்னுரும்."

மைதீனுக்குப் பீமாபள்ளிப் பக்கம் ஒரு வாடகை அறை. மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு அந்த மாதம்தான் நிக்காஹ் பேசியிருந்தார்கள். திருட்டுப் பட்டம் கட்டி வேலை போனால் அந்தச் சம்பந்தமும் போகும். இதையெல்லாம் கேட்டறிந்த பிறகு சத்தியதாஸுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கம்பெனி வாசலில் மைதீன் அரிக்கேன் விளக்கோடு நின்றார்.

"வாங்க சாரே. என்னைப் பிடிக்கத்தானே வந்தீங்க? சாயா போட்டு வெச்சிருக்கேன். குடிச்சிட்டுப் பிடிங்க."

உள்ளே ஐஸ் அறையிலிருந்து வரும் அம்மோனியா மூக்கை அரித்தது. அதற்கு அடியில் இறால் தோட்டின் வாடை. ஆபீஸ் அறைக்குக் கண்ணாடி போட்ட கதவு. வெளியே பூட்டு. சாவி சத்தியதாஸின் பையில். அவர் கதவைப் பார்த்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார். மைதீனைத் தன் எதிரில் உட்கார வைத்தார்.

"கையை எங்க வெச்சுக்கிடணும் சாரே?"

"சும்மா மடியில வையும் ஓய். நான் ஒண்ணும் போலீஸ் இல்ல."

மழை வந்தது. தகரக் கூரையில் கொட்டியது... அப்புறம் நின்றது. சொட்டுச் சொட்டாக கூரை விளிம்பிலிருந்து விழுந்தது. சத்தியதாஸுக்குக் கண் செருகியது.

டக்.

கண்ணைத் திறந்தார். மைதீனின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

டக். டக். டக்.

பூட்டிய அறைக்குள்ளே.

சத்தியதாஸ் எழுந்து கண்ணாடியில் டார்ச்சை வைத்தார். மேஜைமேல் டெலிபோன். டயலில் பூட்டு. ரிசீவர் எடுத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. அது உட்காரும் இடத்தில் இரண்டு வெள்ளைக் குமிழ்கள் உண்டல்லவா... அவை தாமாக அமுங்கின. எழுந்தன. அமுங்கின. யாரோ விரலை வைத்து, மெதுவாக, யோசித்து யோசித்துத் தட்டுவது போல.

ஒரு தட்டு என்றால் ஒன்று. ஐந்து தட்டு என்றால் ஐந்து. டயலே இல்லாமல் நம்பர் போகும். பயத்திலும் பழக்கம் விடவில்லை. சத்தியதாஸின் உதடுகள் எண்ணிக்கொண்டே இருந்தன. கடைசி எண்ணில் ஏழு தட்டு விழுந்தது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி... விரல் தளர்ந்தது போல.

கதவிடுக்கு வழியாக ஒரு மணம் வந்தது. நெஞ்சுக்குத் தேய்க்கிற யூக்காலித் தைலம்.

மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து, கொசுவின் அளவுக்குச் சின்னதாக, ஒரு பெண் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. ஆனால் ஓதுவது போன்ற குரல். கொஞ்ச நேரம் ஓதியது. பிறகு ரிசீவர் மெல்ல எழுந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

மைதீன் இடத்தைவிட்டு அசையவில்லை.

"தளவாய் அண்ணாச்சி, சாரே" என்றார். "எனக்கு முன்ன இங்க வாட்ச்மேன். போன கர்க்கடகத்துல, அதான் ஆடி மாசத்துல, இதே மாதிரி மழை. நெஞ்சுவலி வந்திருக்கு. அப்ப இந்த ரூம் பூட்ட மாட்டாங்க. டாக்டர் நம்பர் அந்தச் சுவர்லயே எழுதிக் கிடக்கு. ஆனா போன்ல பூட்டு... தட்டிப் பாத்திருக்காரு. கை நடுங்கி இருக்கும். காலைல மானேஜர் வந்தாரு. முதல்ல ரிசீவரைத் தூக்கி வெச்சாரு. பொறவுதான் ஆளைத் தொட்டுப் பாத்தாரு."

அந்தச் சாவு சத்தியதாஸுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. பூட்டு யாருடைய யோசனை என்பது மைதீனுக்கும் தெரியாது.

"இதை ஏன் ஓய் முதலாளிட்ட சொல்லல?"

"சொன்னா கிறுக்கன்னு அனுப்புவாரு. சொல்லலன்னா கள்ளன்னு அனுப்புவாரு. எதுக்கு வாயைத் தொறக்கணும்?"

டார்ச் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தார். டாக்டருடைய நம்பர், கரித்துண்டால், பெரிதாக. கடைசி எண் எட்டு. தளவாயின் விரல் ஏழோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு தட்டு குறைவு.

அப்படியானால் ராத்திரிதோறும் அந்தப் போனை எடுப்பது யார்?

காலையில் தம்பானூரில் ஒரு ஓட்டலிலிருந்து ஏழில் முடியும் அந்த நம்பரைச் சுழற்றினார். பெண் குரல் எடுத்தது. பெயர் ரத்னாபாய். ஓய்வு பெற்ற நர்ஸ். நகரத்துக்குள்ளே நந்தன்கோட்டில் தனியாக இருக்கிறார். "வாங்க, வீட்ல தானே இருக்கேன்" என்றார்.

வெள்ளைச் சேலை, மெலிந்த கைகள். காப்பியை நீட்டிக்கொண்டே பேசினார்.

"முதல்ல ஒரு கர்க்கடக மழை ராத்திரி வந்தது. பேச்சே இல்ல, மூச்சு மட்டும். முப்பது வருஷம் ஆஸ்பத்திரில இருந்தவளுக்கு அந்த மூச்சு தெரியாதா? நெஞ்சுவலிக்காரன் மூச்சு. எங்க இருக்கேரு, எங்க இருக்கேருன்னு கத்தினேன். என்னமோ விழுந்தது... பொறவு ஒண்ணும் இல்ல. விடியுற வரைக்கும் ஹலோ ஹலோன்னுட்டே இருந்தேன். ஆளு போயிட்டாருன்னுதான் நினைச்சேன். மறுநாள் ராத்திரி அதே மூச்சு! பிழைச்சுக்கிட்டாரேன்னு முழங்கால்ல நின்னு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அண்ணையிலேருந்து தினமும் ஒரு ஜெபம் சொல்லுவேன். கேட்டுட்டு வெச்சிருவாரு. பாவம், ஆருமில்லாத ஆளு போல."

சத்தியதாஸ் காப்பியைக் கீழே வைத்தார். பிழைத்துக்கொண்டார் என்று ஒரு வருஷமாக மகிழ்ந்திருக்கிற அந்த முகத்தைப் பார்த்து, தளவாய் செத்துப்போனவர் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதை இரக்கம் என்றுதான் சத்தியதாஸ் நினைத்தார்.

"விழிஞ்ஞம் ரோட்டுல ஒரு இறால் கம்பெனி அம்மா. அவரு பேரு தளவாய்" என்று மட்டும் சொன்னார். "ஒரு உபகாரம் வேணும். இந்தப் போனால அங்க உள்ள இன்னொரு பாவப்பட்டவனுக்கு வேலை போகப் போவுது. மகள் நிக்காஹ் வேற இருக்கு. இனி கூப்பிட வேண்டாம்னு அவருட்ட நீங்களே பக்குவமா சொல்லணும். நீங்க சொன்னா கேப்பாரு."

"அய்யோ, அவ்வளவுதானே! பேரு கிடைச்சதே பெரிய காரியம். நான் சொல்லுதேன்." ரத்னாபாய் சிரித்தார். கம்பெனி போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் ராத்திரி. அதே பெஞ்ச், அதே மழை. மைதீன் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். சத்தியதாஸ் கையில் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

டக். டக். டக்...

தைல மணம். கடைசி ஏழு. அதே தளர்ச்சி. ரிசீவரில் குரல் வந்தது. இந்த முறை ஜெபம் இல்லை. பேசினார். நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போல. தளவாய் என்ற பெயர் மட்டும் வெளியே தெளிவாகக் கேட்டது. இரண்டு முறை.

ரிசீவர் மேஜையிலிருந்து எழுந்தது, ஆனால் உடனே தன் இடத்துக்குப் போகவில்லை. வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. யாரோ கேட்டதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது போல. பிறகு மெல்ல உட்கார்ந்தது.

பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. ஆனால் தைல மணம் வெளியே வந்தது. பெஞ்சைத் தாண்டியது. மைதீனின் விளக்குத் திரி சாய்ந்து நிமிர்ந்தது. முன்வாசல் இரும்புக் கேட் க்ரீச் என்று ஒரு ஆள் போகிற அளவுக்குத் திறந்து நின்றது.

சாலையில் ஒரு நாய் குரைத்தது. அது நின்றதும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் அதற்கும் தள்ளி... ஒன்றன்பின் ஒன்றாக, நடக்கிற வேகத்தில், நகரத்தைப் பார்த்து.

"போயாச்சு சாரே" என்றார் மைதீன். அழுதுவிட்டார்.

போயாச்சுதான். அதற்குப் பிறகு அந்த டெலிபோனில் கள்ள அழைப்பு ஒன்றுகூட ஏறவில்லை. மைதீனுக்கு வேலை நிலைத்தது. மகளுடைய நிக்காஹும் நடந்தது. சத்தியதாஸ் தன் கையாலேயே அந்தப் பூட்டைக் கழற்றிக் கடலில் எறிந்தார். அவர் போய் வந்த கம்பெனிகளில் எல்லாம் ராத்திரி டயலைப் பூட்டக்கூடாது என்று மன்றாடினார். ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

அன்று விடிவதற்கு முன்னால், பள்ளிவாசலில் பாங்கு சொல்லுமுன், ஆபீஸ் டெலிபோன் மணி அடித்தது. சத்தியதாஸ் கதவைத் திறந்து ரிசீவரை எடுத்தார்.

"சத்தியதாஸ் சாரா? நான் ரத்னாபாய். வந்துட்டாரு, கேட்டேளா... போன் வேண்டாம் தளவாய், நேர்ல வீட்டுக்கு வந்துரும்னு வழி சொல்லிக் கொடுத்தேன். அம்புட்டு தூரமும் மழையில நடந்தே வந்திருக்காரு. கட்டில்ல படுக்க வெச்சிருக்கேன்."

சத்தியதாஸ் ரிசீவரைக் காதோடு இறுக்கிக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் கேக்கத்தான் கூப்பிட்டேன். வீட்ல உள்ள கம்பளி எல்லாம் போத்திட்டேன். கட்டிலுக்கு அடியில கனல் சட்டியும் வெச்சிருக்கேன். மேலு ஒரு பொட்டு சூடாவ மாட்டேங்கு. கண்ணைத் தொறந்து என்னையே பாத்துட்டுக் கிடக்காரு... ஆனா ரெண்டு கையிலயும் நாடி பிடிச்சுப் பாத்தேன், கிட்டவே இல்ல. இவருக்கு எப்பவும் இப்படித்தானா சாரே?"