வில்லை போட்ட காது

வயிறு முட்டத் தின்றிருந்தாலும் பக்கத்து சீட்டில் டிபன் டப்பாவைக் கண்டால் நாக்கில் நீர் ஊறும் முட்டாள் நான். உத்திரமேரூர் பஸ்ஸில் மானாம்பதியில் இரண்டு பெண்கள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் டப்பா.

“காதை அறுக்க கையே வரலக்கா.”

“இன்னாடி பண்றது? கவர்மெண்டு மானியத்துல இன்சூரன்ஸ் போட்ட மாடாச்சே. நம்பர் வில்லை போட்ட காதைக் காட்டுனாதான் செத்தது அதுதான்னு மாட்டு டாக்டரு ஒத்துக்குவாரு.”

“பால் குடுத்ததை அறுத்து டப்பால எடுத்துக்கினு போறோமேன்னு கூசுதுக்கா.”

“அப்ப வேற மாடு எப்பிடி வாங்குவ?”

இளையவள் டப்பா மூடியை இன்னும் இறுக்கி அழுத்தினாள். ஊறியிருந்த எச்சிலைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தேன். வெட்கத்தை மறைக்க, “டப்பாவை மேல வெக்கட்டுமாம்மா?” என்றேன்.

“மடியிலயே இருக்கட்டும்ண்ணா.”