உதடு ஒட்டாத சொல்

எனக்குத் தேநீர் போதும், தண்ணீர் வேண்டாம். நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்ளலாமா? ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பதினைந்து வயதிலிருந்து நாற்பது வருஷம் இரண்டு தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தவள் நான். மில்லை மூடிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது, கால்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் எங்கள் வாசிப்பறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முன்னோரைத் தேடி வருவதில்லை. நான் செய்துவைக்கும் இஞ்சிக் கேக்குக்காக வருகிறார்கள். வரட்டும். கேக்கைத் தின்றுகொண்டே தாத்தாவுக்குத் தாத்தாவையும் கண்டுபிடித்துவிட்டுப் போவார்கள். ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, கல்லறைக் கல்லில் உள்ள எழுத்து எல்லாம் என் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. ஓக்டென்னில் நான் வம்சாவளி எழுதித் தராத வீடு அநேகமாக இல்லை.

நீங்கள் லீட்ஸிலிருந்து வந்திருக்கிறீர்கள், அதனால் பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஹெல்லிவெல் மண்டையில்தான் விழும். ஆகவே குடும்பப் பெயரால் யாரையும் கூப்பிடுவதில்லை. அப்பா, தாத்தா என்று முன்னோர் பெயர்களை முன்னால் கோத்துச் சொல்வோம். நான் ஏபோட ஜோனஸோட ஹாரியோட மியூரியல். இறந்துபோனவள் நெட்டோட ஜோனஸோட தர்ஸா. ஏபுக்கும் நெட்டுக்கும் உறவுகூடக் கிடையாது. ஆனால் இரண்டு பேருக்கும் ஜோனஸ் ஹெல்லிவெல் என்று ஒரு மகன். இரண்டு ஜோனஸும் ஒரே மில்லில் மேஸ்திரி. ஏபோட ஜோனஸ் என் தாத்தா. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. நான் ஆரம்பித்துவைத்ததில்லை.

1910 அக்டோபரில் மூன்றாம் மாடி நூற்புக்கூடத்தில் தீப்பிடித்தது. பிள்ளைகள் வேலைநேரத்தில் படியிறங்கி ஓடிவிடக் கூடாதென்று மேஸ்திரி படிக்கட்டுக் கதவைப் பூட்டியிருந்தார். பதினோரு பெண்பிள்ளைகள். பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் மில் என்று இருந்த பிள்ளைகள். அந்த மாடியை இரண்டு ஜோனஸும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அன்று யாருடைய முறை என்று தெரிந்தவர்கள் கதவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த வெளியூர்க் குமாஸ்தா 'மேஸ்திரி ஜோனஸ் ஹெல்லிவெல்' என்று எழுதினான். எந்த ஜோனஸ் என்று எழுதவில்லை. எங்கள் ஊர்க்காரன் அப்படி எழுதியிருக்க மாட்டான்.

ஊரே தீர்மானித்துக்கொண்டது. நெட்டோட ஜோனஸ் என்றது. அவரும் இல்லையென்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர்களுக்குச் 'சாவி வீடு' என்று பெயர். தர்ஸாவின் மகன் டெஸ்மண்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. இப்போதும் அவன் மதுக்கடைக்குள் நுழைந்தால் யாராவது, "வரும்போது கதவைச் சாத்திட்டு வாப்பா, உனக்குப் பழக்கம்தானே" என்பார்கள். அவனும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவான். ஒவ்வொரு அக்டோபரிலும் ஜெபக்கூடத்தில் அந்தப் பதினோரு பெயர்களை வாசிப்பதுண்டு. ஒரு தடவையாவது தன்னை வாசிக்க விடுவார்களா என்று டெஸ்மண்ட் வருஷம் தவறாமல் ஜெபக்கூடக் குழுவுக்குக் கடிதம் போடுவான். முடியாது என்று மரியாதையாகப் பதில் எழுதுவது செயலாளரான என் வேலை.

அன்று என் தாத்தாவின் முறை. எனக்கு இது 1976இலேயே தெரியும். மில்லைக் காலி செய்தபோது, எந்த நாள் எந்த மேஸ்திரி என்று எழுதிய முறைப்புத்தகம் ஒன்று குப்பையோடு போகவிருந்தது. நான் எடுத்து வந்தேன். பிஸ்கட் டப்பாவில், பூச்சி அரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. பழைய ஏடுகளைக் கிழித்து எரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதை யாருக்கும் காட்டவில்லை, அவ்வளவுதான். யாரும் கேட்கவும் இல்லையே. தாத்தா ஜெபக்கூடத்தில் முப்பது வருஷம் மூப்பராக இருந்தவர். வாசிப்பறை அவர் பெயரில்தான் இருக்கிறது. நான் உட்காரும் மேஜைக்கு நேர் மேலே அவர் படம்.

இந்தப் பிப்ரவரியில் தர்ஸாவுக்குப் பக்கவாதம் வந்தது. தொண்ணூறு வயது. குரல் அடியோடு போய்விட்டது. காது நன்றாகக் கேட்டது. மூன்று வாரம் கழித்து டெஸ்மண்ட் சனிக்கிழமை மேஜைக்கு வந்து தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, அம்மா வாயை அசைச்சுக்கிட்டே இருக்காங்க. சத்தம் வரல. டாக்டர் அது சும்மா உளறல்ங்கிறாரு. எனக்கென்னவோ வாய்ச்சாடைன்னு தோணுது."

வாய்ச்சாடை என்றால், தறிக்கூடத்து இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. உதட்டை அசைத்தே பேசுவோம், பார்த்தே புரிந்துகொள்வோம். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி மேஸ்திரியின் வழுக்கையைப் பற்றிச் சொன்னால் இந்தக் கோடியில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"எங்க தறிக்கூடத்து நோராகிட்டக் கேட்டுப் பாத்தியா?" என்றேன்.

"நோராக்கா பிரிட்லிங்டன்ல மக வீட்டுல இருக்காங்க. அதுவுமில்லாம, உங்க வாயால வந்தா ஊரே நம்பும்க்கா."

போனேன். டெஸ்மண்டின் மருமகன் புதிதாக ஒரு வீடியோ கேமரா வாங்கியிருந்தான். பாட்டி சொல்வதைப் பிடித்துவைக்கிறேன் என்று கட்டில் கால்மாட்டில் அதை நிறுத்தியிருந்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை. சத்தமே இல்லாதவளைப் படம்பிடித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். நான் யோசிக்காமல் விட்டது இந்த ஒன்றுதான்.

தர்ஸாவின் முகத்தில் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. மறுபக்கம் போதுமானதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கண் மாறியது. ஆனாலும் பேசினாள். வேறு யாரிடம் பேசுவாள், பாவம்.

'எங்கப்பா இல்ல. ஏபோட ஜோனஸ். டீ போடச் சுடுதண்ணி கொண்டு வான்னு என்னைக் கீழ அனுப்பினான். நான் இறங்கினதும் வெளிய வந்து பூட்டினான். சாவியைக் கோட்டு உள்பையில போட்டுக்கிட்டு, முற்றத்துல போய் பைப்பைப் பத்த வெச்சான். ராத்திரிக்குள்ள எங்க வீட்டுக்கு வந்து, உன் மக வாயைத் திறந்தா உங்க வீட்டுல ஒருத்தருக்கும் இந்தப் பள்ளத்தாக்குல தறி கிடைக்காதுன்னான். அப்பா என்னைச் சத்தியம் பண்ண வெச்சாரு. டெஸ்மண்டுகிட்டச் சொல்லு. அவன் அந்தப் பேரையெல்லாம் வாசிக்கட்டும்.'

டெஸ்மண்ட் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். "என்னக்கா சொல்றாங்க?"

நான் அவசரப்படவில்லை. "எங்கப்பாதான் பூட்டினாரு, நான் பாத்தேன்ங்கிறா. அவரை மன்னிச்சிடச் சொல்றா. பெரிய மனசு, டெஸ்மண்ட்" என்றேன்.

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. வெளியே போய் நிலக்கரிக் கொட்டகைப் பக்கம் நின்றான். அழுதிருப்பான். எனக்கு அவன்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. தர்ஸா 'இல்ல, இல்ல, இல்ல' என்று உதட்டால் சொல்லிக்கொண்டே இருந்தாள். ரொம்ப வேதனைப்படுகிறாள் என்று டெஸ்மண்டின் மனைவி பிரெண்டாவிடம் சொன்னேன். அதில் பொய் எதுவுமில்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து அட்டைகளை அடுக்கினேன், கலைத்தேன், திரும்ப அடுக்கினேன். மலைப்பாதையில் நடந்தேன். எங்கே போனாலும் கால் சாவி வீட்டுப் பக்கமே திரும்பியது. இரண்டு நாள் கழித்துப் போனபோது பிரெண்டா சந்தோஷமாகக் கதவைத் திறந்தாள்.

"அத்தை இடது கையில சிலேட்டுப் பலகை கேக்குறாங்க போல. விரலால போர்வையில எழுதிக் காட்டுறாங்க. நாளைக்கு வாங்கிட்டு வந்துடுறேன்."

போர்வையில் தர்ஸாவின் விரல் 'ஏ' என்ற எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. நடுக்கமாக இருந்தாலும் 'ஏ'தான்.

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் போனேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு விழுங்குவது கஷ்டம்; ஒரு கரண்டி கஞ்சிக்குப் பத்து நிமிஷம் ஆகும், பாதியில் புரையேறும். பிரெண்டா பொறுமையாக ஊட்டுவாள். "வலிக்குதுங்கிறா பிரெண்டா. விட்டுடுன்னு கெஞ்சுறா" என்றேன். பிரெண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். மாமியாரை நேசித்தவள் அவள். இல்லையென்றால் வைத்திருக்க மாட்டாள். டாக்டர் வந்தார். நோயாளியின் விருப்பம் என்ன என்று என்னைத்தான் கேட்டார். "தனக்கு வயசாயிடுச்சு, நிம்மதியாப் போக விடுங்கங்கிறா" என்றேன். தொண்ணூறு வயதுக்காரியை வற்புறுத்த வேண்டாம் என்றார் அவர். நல்ல மனிதர்.

மூன்றாம் நாள் மத்தியானமும் கேமரா ஓடியது. கடைசி நாட்களை வைத்துக்கொள்ள வேண்டுமென்று டெஸ்மண்டுக்கு ஆசை. தர்ஸாவின் உதடு வெடித்திருந்தது. ஒரே சொல்லைத்தான் சொன்னாள். அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"அம்மா தண்ணி கேக்குறாங்களாக்கா?"

"இல்லப்பா. போதும்ங்கிறா."

கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தான். தர்ஸா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிரெண்டா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தபோது அந்தத் துணியைப் பல்லால் கவ்வினாள். வலியில் அப்படித்தான் செய்வார்கள் என்றேன். ஐந்தாம் நாள் அமைதியாகப் போனாள். போர்வையில் எழுதுவது அதற்கு முந்தின நாளே நின்றுவிட்டது. இப்போது வேண்டாமென்கிறாள் என்று நான் சொல்லியிருந்ததால், வாங்கிவந்த சிலேட்டுப் பலகை காகிதம் பிரிக்காமல் மேஜைமேல் இருந்தது.

அவளுக்காக நான் வருத்தப்பட்டேன். அடக்கத்துக்கு இரண்டு இஞ்சிக் கேக் செய்துகொண்டு போனேன்.

போன சனிக்கிழமை, தீ விபத்து நாளுக்கு முன்னால், டெஸ்மண்ட் அந்த வீடியோ நாடாவை வாசிப்பறைக்குக் கொண்டுவந்தான். அம்மா உண்மையை ஒப்புக்கொண்டதை ஊர் பார்க்கட்டும், அதற்கப்புறமாவது பெயர்களை வாசிக்க விடுங்கள் என்றான். எனக்குத் தடுக்கக் காரணம் கிடைக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நாற்காலிகளை நானே போட்டேன். போடும்போதுதான் யாருக்காகப் போடுகிறேன் என்று உறைத்தது. முன்வரிசை முழுக்க ஓய்வுபெற்ற நெசவுக்காரிகள். நோரா திரும்பி வந்திருந்தாள். பத்தொன்பது பேர். பத்தொன்பது பேருக்கும் வாய்ச்சாடை தெரியும்.

தர்ஸாவின் முகம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. என் குரல் படத்துக்கு வெளியிலிருந்து தெளிவாகக் கேட்டது. முதல் பகுதி ஓடியபோது யாரும் அசையவில்லை. வாய் கோணியிருந்ததால் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு கோப்பை வந்தது. போதும் என்றால் உதடு இரண்டு தடவை ஒட்டும். நீங்களே சொல்லிப் பாருங்கள். தண்ணி என்றால் ஒட்டவே ஒட்டாது. தர்ஸாவின் உதடு ஒட்டவில்லை. முன்வரிசையில் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது.

யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் கூடம் முழுக்கப் பேச்சு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உதடுகள் அசைந்தன, எல்லாவற்றையும் நான் படித்தேன். டெஸ்மண்ட் ஒன்றும் புரியாமல், "என்ன, என்ன ஆச்சு?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நோராதான் எழுந்து அவன் கையைப் பிடித்து வாய்விட்டுச் சொன்னாள்.

"உங்கம்மா தண்ணி கேட்டாடா."

அவன் என்னை அடிக்க வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. உட்கார்ந்துவிட்டான். நாளைக்கு ஜெபக்கூடத்தில் பெயர்களை அவன்தான் வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். பட்டியலைச் சுத்தமாகப் பிரதியெடுத்து மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யாராவது அவனிடம் கொடுத்துவிடுங்கள். டப்பாவிலுள்ள முறைப்புத்தகத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஈரக்கையால் தொடவேண்டாம்.

ஆமாம், நான்தான் செய்தேன். அவள் ஐந்து நாள் தண்ணீர் கேட்டாள், ஐந்து நாளும் நான் போதும் என்று சொன்னேன். தட்டச்சு செய்த வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நிமிஷம். இரண்டாவது வரியில் தெரசா என்று இருக்கிறது. அவள் தர்ஸா. நெட்டோட ஜோனஸோட தர்ஸா. திருத்திக் கொண்டுவாருங்கள், காத்திருக்கிறேன். பெயர் விஷயத்தில் நான் இதுவரை யாருக்கும் துரோகம் செய்ததில்லை.